டாக்டர் யுகேந்திரன் எல்லை தாண்டாத ஒன்பது நாள்

டாக்டர் யுகேந்திரனுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். ஈப்போவில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வைக்கிற ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக வேலை செய்கிறார். அந்தக் கண்ணாடி இன்னும் தேயாமல் இருப்பதே பெரிய விஷயம்.

பத்து காஜாவில் பிறந்தவர். இந்தியாவில் டாக்டருக்குப் படித்தார். பிறகு கோலாலம்பூரில் நாலு வருடம் கதிர்வீச்சுக்கென்றே தனியாகப் படித்தார். கூடப் படித்தவர்கள் சிங்கப்பூரில் வீடு வாங்கிவிட்டார்கள். இவர் குனோங் ராபாட்டில் மலையடி வரிசை வீடு ஒன்றில் இருந்துகொண்டு, கதவு சரியாகச் சாத்தாத மைவி கார் ஓட்டுகிறார்.

ஈப்போவுக்கு வெளியே உள்ள எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தில் கதிர்வீச்சு என்று யாரும் சொல்வதில்லை, கரண்டு வைப்பது என்போம். என் அத்தை கலாதேவிக்குக் கன்னத்தின் உள்ளே புற்று. முப்பது வருடமாக வெற்றிலையை இடது பக்கமே ஒதுக்கிய கன்னம். முப்பத்து மூன்று கரண்டு, திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு ஒன்று. தலை அசையக் கூடாது என்று முகத்துக்கு அளவெடுத்து வலை போன்ற முகமூடி செய்தார்கள். அதை மாட்டிய அத்தையைப் பார்த்து, சந்தையில் கட்டிவைத்த நண்டு மாதிரி இருக்கிறாய் என்று சொல்லிச் சிரித்தேன். அப்புறம் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

டாக்டரின் ஆராய்ச்சியே இந்த நாள் கணக்கைப் பற்றியதுதான். அத்தைக்கு அவர் முதல் நாளே சொன்னார்:

"லாலாங் புல்லு பாத்திருக்கீங்களாம்மா? பாதி வெட்டிட்டு ஒரு வாரம் சும்மா விட்டா என்ன ஆகும்?"

"முன்னவிட மோசமா முளைச்சிரும் டாக்டர்."

"இதுவும் அப்படித்தான். நடுவுல விடாதீங்க."

ஆனால் ஆட்கள் விட்டார்கள். நானூறு பேருடைய பழைய கோப்புகளை உட்கார்ந்து புரட்டியதில், தோட்டத்து ஆட்கள்தான் அதிகமாக நடுவில் காணாமல் போவதாக அவர் கண்டுபிடித்தார். போக்குவரத்து வசதி இல்லை, அதனால்தான் என்றார் மேலதிகாரி. டாக்டர் இரண்டு வருடம் கெஞ்சி ஒரு வேன் வாங்கினார். வேன் வந்தது, ஆட்கள் வரவில்லை. வேன் பாதி நாள் காற்றை ஏற்றிக்கொண்டு போய் வந்தது.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மாதம் இருந்தது. அந்த மாதத்தில் அந்தத் தோட்டத்து ஆட்கள் மொத்தமாக நின்றுவிடுகிறார்கள். அது கோயில் திருவிழா மாதம். நோய் தீர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு கையில் மஞ்சள் காப்புக் கட்டுகிறார்கள். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. ஆக, குணமாக வேண்டும் என்ற வேண்டுதலே குணமாக்குகிற கரண்டை நிறுத்துகிறது.

டாக்டர் கோயில் நோட்டீஸ்களைச் சேர்த்துச் சுவரில் ஒட்டினார். கரண்டு மிஷினை இயக்கும் சரளா அக்கா, "என்ன டாக்டர், காலண்டர் கடை போடப் போறீங்களா லா?" என்று கேட்டாராம். கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார். காப்பு என்பது எந்த வகை மருத்துவக் கருவி என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருவிழாக் காலத்தில் சனிக்கிழமையும் மிஷினை ஓட்டினால் விட்ட நாட்களை ஈடுகட்டலாம் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார். ஆதாரம் போதாது என்றார்கள். கடைசியில் கோலாலம்பூர் மாநாடு ஒன்றில் பேசப் பத்து நிமிடம் கிடைத்தது. அங்கே பெரிய அதிகாரிகள் வருவார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அத்தை சொன்னாள்: "டாக்டர், நாளைக்குச் சாயந்தரம் காப்புக் கட்டுறேன். அடுத்த ஞாயிறு தீச்சட்டி. அது வரைக்கும் வர மாட்டேன்."

அன்று வெள்ளிக்கிழமை, பதினேழாவது கரண்டு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

மறுநாள் சாயந்தரம் மைவி எங்கள் கோயில் வாசலில் நின்றது. ரப்பர் மரங்கள் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்து, அதிலும் பாதி போய் வீடுகள் வந்துவிட்டன. கோயிலும் எல்லையும் மட்டும் நகரவில்லை. கமிட்டித் தலைவர் பழனியப்பன், லாரி ஓட்டுகிறவர், தட்டு நிறைய மஞ்சள் கயிற்றோடு நின்றார்.

"அண்ணே, இந்தம்மா காப்போட ஆஸ்பத்திரிக்கு மட்டும் வந்துட்டுப் போலாமா?" என்று டாக்டர் கேட்டார்.

"எல்லைன்னா எல்லைதான் டாக்டர். சுசா லா, கஷ்டம். ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் ஈப்போவுக்குப் படம் பாக்கப் போயிருவான்."

"வேற யாராச்சும் இவங்களுக்காகக் கட்டலாமா?"

"கட்டலாம். மகன் கட்டலாம். அவன் சிங்கப்பூர்ல கிரேன் ஓட்டறான்."

நான் கட்டுகிறேன் என்றேன். மொத்தக் கமிட்டியும் சிரித்தது. போன வருடம் காப்போடு காம்பார் டவுனுக்குப் போய் ஐஸ் போட்ட செண்டோல் குடித்தது நான்தான்.

"அந்தச் செண்டோலுக்கு அப்புறந்தானே கலாதேவிக்கு வாயில வந்துச்சு," என்றார் பழனியப்பன்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "அந்தப் புண்ணு மூணு வருசமா உள்ள இருந்திருக்கு. செண்டோல் மேல பழி போடாதீங்க."

அதற்காக நான் அவருக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. கரண்டு வைத்து அத்தையின் வாயைப் புண்ணாக்கினாரே என்று அவருடைய மைவி டயரில் காற்றைப் பிடுங்க வைத்திருந்த திட்டத்தை மட்டும் கைவிட்டேன்.

அத்தைக்கு வாயெல்லாம் புண். மெல்லச் சொன்னாள்: "டாக்டர் கட்டிக்கட்டும். அவர் உள்ள இருந்தா நான் வெளிய போறேன்."

"எனக்கு வியாழக்கிழமை கோலாலம்பூர்ல மாநாடும்மா."

"அப்ப எனக்கும் கரண்டு வேணாம்."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். ஆறு வருட ஆராய்ச்சிக்குப் பத்து நிமிடம். அதை இந்தப் பிடிவாதக்காரி ஒரு கயிற்றுக்குக் கேட்கிறாள். கடைசியில் கையை நீட்டினார்.

"டாக்டருக்கு எந்த ஊரு?" என்றார் பழனியப்பன், முடிச்சுப் போட்டபடி.

"பத்து காஜா. எங்கப்பா அங்க ஜெயில்ல வார்டர்."

"அப்ப சரி. உள்ள இருக்குறது குடும்பத்துக்குப் புதுசில்ல."

ஐந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் எங்கள் அத்தை வீட்டு முன்னறையில் பாய் போட்டுப் படுத்தார். அத்தை தினமும் காலையில் வேனில் ஏறி ஈப்போவுக்குப் போனாள். அவர் எல்லைக் கல் வரை செருப்பில்லாமல் நடந்து போய் வழியனுப்பிவிட்டு, திட்டிக்கொண்டே திரும்புவார். சாமியை அல்ல, வேனைத் தாமதமாக ஓட்டுகிறவரை.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கைப்பேசியிலேயே பேச மாநாட்டில் அனுமதித்தார்கள். எங்கள் பக்கம் கோயில் தண்ணீர்த் தொட்டி மேல் நின்றால்தான் லைன் கிடைக்கும். ஏறி நின்று பேசினார். அங்கே திரையில் காட்டுகிற இரண்டாவது படத்துக்கு வந்தபோது கீழே உறுமி மேளம் ஆரம்பித்தது.

"டாக்டர், அங்கே என்ன சத்தம்?" என்று கேட்டார்கள்.

"அதுதான் என் ஆராய்ச்சி," என்று கத்தினார். நான் அறிந்து அவர் கத்தியது அன்று ஒரு தடவைதான். மூன்றாவது படத்தில் லைன் போய்விட்டது. கீழே இறங்கி வந்து தொட்டிச் சுவரை ஓர் உதை விட்டார். செருப்பில்லாத கால். இரண்டு நாள் நொண்டினார்.

அத்தைக்கு முப்பத்து மூன்றும் ஒரு நாள் விடாமல் முடிந்தது. மூன்று மாதம் கழித்து வாயைப் பார்த்த டாக்டர், "சுத்தமா இருக்கு," என்றார். அத்தை, சாப்பாட்டில் ருசியே தெரியவில்லை என்று அவரோடு சண்டை போட்டாள்.

அதே ஒன்பது நாளில் வேறு இரண்டு தோட்டங்களிலிருந்து வந்த மூன்று பேர் காப்புக் கட்டி நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர் திரும்பி வரவே இல்லை. டாக்டர் அதை எங்களிடம் சொல்லவில்லை, சரளா அக்காதான் சொன்னார். ஆராய்ச்சி அட்டவணையில் எங்கள் தோட்டத்துக்கு எதிரே, விட்ட நாள் என்ற கட்டத்தில், டாக்டர் பூஜ்யம் போட்டாராம். வரைபடத்தில் அந்த மாதத்துக் கோடு கீழே இறங்கிவிட்டது.

"உங்க ஆராய்ச்சிய நீங்களே கெடுத்துட்டீங்களே டாக்டர்," என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"ஆமா. வருசத்துக்கு இன்னும் அம்பது பேருக்காகக் கெடுக்கணும். எனக்கு லீவுதான் ரெண்டு நாள் பாக்கி இருக்கு," என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை மிஷினைத் திறக்கச் சொல்லி மறுபடி ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தாராம். அது ஏழாவது கடிதம்.