ஸ்டெல்லா அக்காவுக்கு ஒரு போன்

போன வாரம் எங்கள் வீட்டுக்கு மறுபடியும் போன் வந்தது. அழைப்பைச் சொல்லவில்லை – போனையே சொல்கிறேன்!

அரிமளத்தில் எங்கள் தெருவுக்கு செல்போன் சிக்னல் விருந்தாளி மாதிரி. அதுவாக நினைத்தால் வரும். வாசலில் ஒரு புள்ளி, மாடிப்படியில் இரண்டு புள்ளி, கூடத்துக்குள் வந்தால்... ஒன்றும் இல்லை. பழைய லேண்ட்லைனும் ரோடு போடத் தோண்டியதில் கேபிள் அறுந்து, பல மாதமாக ஊமையாகக் கிடந்தது. இந்தப் பத்தியையே சில வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நின்றுதான் அனுப்பினேன். நம்புவீர்களா?

அதனால்தான் புதிதாக வந்திருக்கும் வயர்லெஸ் இணைப்புக்கு எழுதிக் கொடுத்தோம். தெருவில் பள்ளம் தோண்ட வேண்டாம். மொட்டைமாடியில் ஓர் இரும்புக் குழாய், அதன் உச்சியில் டவரைப் பார்த்தபடி ஒரு வெள்ளைப் பெட்டி. அங்கிருந்து ஒரே ஒரு வயர் கூடத்துக்கு இறங்கி மோடத்தில் சேர்கிறது. இன்டர்நெட்டும் அதில்தான், வீட்டு போனும் அதில்தான்.

"பழைய நம்பரையே போட்டுத் தரலாம் மேடம். அது வேணுமா, புதுசு வேணுமா?" என்று கேட்டார் டெக்னீஷியன்.

"பழசு" என்றேன். என் கணவர் வாயைத் திறக்கவே நேரம் கொடுக்கவில்லை.

அது எங்கள் வீட்டு நம்பர் மட்டும் இல்லையே. தெருவுக்கே அதுதான் நம்பர்!

இது என் அப்பா வீடு. அவர் உரக்கடை வைத்திருந்தார். அதற்காக வாங்கிய போன். ஆனால் உரத்துக்காக வந்த அழைப்புகள் கால்வாசி இருந்தால் அதிகம். சிங்கப்பூரில், திருப்பூரில், ராணுவத்தில் இருந்த எங்கள் தெருக்காரர்கள் எல்லோரிடமும் அந்த நம்பர் இருந்தது. பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதிக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு போன் என்று அர்த்தம்.

"பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்புடுறேன், வீட்ல கொஞ்சம் கூட்டியாந்து வைங்க" என்பார்கள். ஓடுவது நான். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். படிப்பைவிட ஓட்டம்தான் அதிகம்.

ஓடிப்போய்ச் சொன்னதும் கிளம்பிவிடுவார்களா? முகம் கழுவி, பவுடர் போட்டு, புடவை மாற்றிக்கொண்டுதான் வருவார்கள். போனில் முகம் தெரியாது என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? இப்போது முகமே தெரிகிற வீடியோ காலில் தலைகூட வாராமல் பேசுகிறோம். காலம்!

நான்கு வீடு தள்ளி ஸ்டெல்லா அக்கா இருந்தார். எனக்கு ஐந்து வயது மூத்தவர். நர்சிங் முடித்துவிட்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் எங்கள் நம்பர்தான். தினமும் சாயங்காலம் வருவார். "எனக்கு ஏதும் போன் வந்துச்சா மீனா?" என்று கேட்பார். இல்லை என்றால், "வரும் வரும்" என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டு போவார்.

வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்.

பள்ளிக்கு ஏதோ லீவு. வீட்டில் நான் மட்டும். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அம்மா பேசினார். திங்கட்கிழமை காலை சர்டிபிகேட்டோடு ஸ்டெல்லாவை வரச் சொல்லுங்கள் என்றார். சரிங்க என்று வைத்துவிட்டேன். வெளியே அனல். கையில் பாதி படித்த தொடர்கதை. சாயங்காலம் அக்காவே வருவாரே, அப்போது சொல்லிக்கொள்ளலாம்...

அன்று சாயங்காலம் அக்கா வரவில்லை. திருமயத்திலிருந்து மாமா வீட்டார் வந்துவிட்டார்கள். பிள்ளைகளோடு ஆட்டம், சிரிப்பு, சினிமா. வீட்டில் கூட்டம் என்று அக்காவும் வரவில்லை. சனி போனது, ஞாயிறும் போனது.

வகுப்புக் கரும்பலகையில் 'திங்கட்கிழமை' என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது.

அன்று சாயங்காலம் அக்கா வந்தார். "எனக்கு ஏதும் போன் வந்துச்சா மீனா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

அவ்வளவுதான் செய்தேன். ஒரு தலையாட்டல். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்வதற்கு ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது. அக்கா தினமும் வந்தார். பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். பிறகு வருவதே நின்றுவிட்டது. அறந்தாங்கியில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தார். கட்டுமாவடியில் மீன் வியாபாரம் செய்பவருக்கு வாழ்க்கைப்பட்டார். என் கல்யாணத்துக்கு வந்து மருதாணி வைத்துவிட்டார். அப்பா இறந்தபோது மூன்று நாள் கூடவே இருந்தார். இருபத்தெட்டு வருடம். நான் சொல்லவே இல்லை.

"யாருக்காச்சும் ஒரு கால் போட்டுப் பாருங்க மேடம். நான் மேல பெட்டிய இன்னும் கொஞ்சம் அங்கிட்டு திருப்பி வைக்கிறேன்" என்று டெக்னீஷியன் மாடிக்குப் போனார். யாரை அழைப்பது? செல்போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போன விரல், ஓரிடத்தில் நின்றது. பார்த்துப் பார்த்து நம்பரை அழுத்தினேன்.

எடுத்ததுமே அந்தப் பக்கம் கத்தல். "ஏய்! இது ஒங்க வீட்டு நம்பர்ல! மறுபடி போன் வந்துருச்சா?"

"எப்புடிக்கா கண்டுபுடிச்சீங்க?"

"முன்னாடி நம்பர் சேத்தாலும் கடைசி நாலு அதேதானடி. எத்தன அப்ளிகேஷன்ல எழுதியிருப்பேன்! செத்தாலும் மறக்காது."

அந்த வார்த்தைக்கு மேல் என்னால் முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை, அனல், தொடர்கதை, தலையாட்டல்...

பழைய போனில் யாரும் பேசாவிட்டாலும் ஓர் இரைச்சல் இருக்கும், ஆள் இருக்கிறார் என்று தெரியும். இதில் சுத்தமான நிசப்தம். இருக்கிறாரா, வைத்துவிட்டாரா?

"அக்கா..."

"வீட்டுக்கு ஆள் வந்துருக்காங்க. பொறவு பேசுறேன்." வைத்துவிட்டார்.

இரண்டு நாள். போன் அடிக்கவில்லை. நான் அழைக்கவும் தைரியம் இல்லை. என் கணவர், "இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு, இப்ப எதுக்கு அவங்க மனசக் கெடுத்த?" என்றார். அதுதானே? என் பாரத்தை இறக்கி வைக்கிறேன் என்று அவர் தலையில் ஏற்றிவிட்டேனோ?

மூன்றாம் நாள் காலை, கேட் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஸ்டெல்லா அக்கா! கட்டுமாவடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். சேரை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஒம் மேல கோவம் இருக்கு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"இருக்கட்டும்க்கா."

"ஆனா ஒண்ணு தெரியுமா? வேல கெடைக்கலன்னுகூட நான் அவ்வளவு அழுவல. நம்ம மார்க்கப் பாத்துட்டு, இவ வேணாம்னு தூக்கிப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன் பாரு... அதுக்குத்தான் அழுதேன். அதுக்கப்பறம் பெரிய ஆஸ்பத்திரி எதுக்கும் நான் எழுதிப் போடவே இல்ல. நமக்கெல்லாம் கிளினிக்குதான்னு இருந்துட்டேன்."

அக்கா சேரை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"கூப்புட்டிருக்காங்கல்ல?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது. "அவங்க என்ன சொன்னாங்க? ஒரு வார்த்தை விடாம அப்புடியே சொல்லு."

சொன்னேன். எனக்கு மறக்குமா? "'ஸ்டெல்லாங்கிற பொண்ணுக்கு இந்த நம்பர் குடுத்திருக்காங்க. அவங்க அப்ளிகேஷன் எங்களுக்குத் திருப்தியா இருக்கு. திங்கக்கெழமை காலையில ஒம்பது மணிக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டோட வரச் சொல்லுங்க'ன்னாங்க."

"திருப்தியா இருக்குன்னா சொன்னாங்க?"

"ஆமாக்கா."

"இன்னொரு தடவ சொல்லு."

இன்னொரு தடவை சொன்னேன். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, பரீட்சை ரிசல்ட் கேட்கிற மாதிரி கேட்டார். கண் நிறைந்திருந்தது. ஆனால் முகம்... அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்குப் போன் பேச வருகிற பெண்களின் முகம் மாதிரி இருந்தது.

பிறகு புது போனைக் காட்டி, "இதுல கோயம்புத்தூருக்குப் பேசலாமா?" என்றார். மகள் அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"அம்மாவுக்கு இன்டர்வியூ வந்துருக்குடி. சென்னையில பெரிய ஆஸ்பத்திரி. திங்கக்கெழமை ஒம்பது மணிக்கு வரச் சொல்லி போன் வந்துச்சாம்."

"என்னம்மா சொல்ற? வர்ற திங்கக்கெழமையா?"

"இல்லடி. நீ பொறக்கறதுக்கு முந்துன திங்கக்கெழமை!"

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார். நான் காபி போட உள்ளே போனேன். அடுப்பங்கரையில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

அக்கா என்னை மன்னித்துவிட்டாரா? கேட்கவில்லை. பஸ் ஏறும்போது, "அடுத்த தடவ நீ அங்கிட்டு வா" என்று மட்டும் சொன்னார். அது போதும்.

உங்களிடமும் யாருக்காவது சேர வேண்டிய தகவல் ஏதாவது தங்கிக் கிடக்கிறதா? போய்ச் சொல்லிவிடுங்கள். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதை, கேட்க வேண்டியவர் முடிவு செய்துகொள்ளட்டும்!