பொங்கல் ஒட்டிய விரல்

குழந்தைகளின் விரலைக் குத்திப் பிழைப்பது எப்படிப்பட்ட வேலை என்று லேப்களில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் தேரடி வீதிப் பக்கம் ஒரு கிளினிக்கில் டெக்னீஷியனாக இருந்தேன். வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சர்க்கரை நோய் இருந்தால், அதன் தம்பி தங்கைகளையும் வரவழைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சோதிப்போம்.

வெறும் வயிறு

தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று சொல்லி அனுப்புவோம். வேங்கிக்காலிலிருந்து வந்த ஒருவர் மகனை நாற்காலியில் உட்கார வைத்தார். பையனின் மேலுதட்டில் பால் மீசை. நான் முறைத்தேன். அவர் அசரவில்லை.

"ஊசின்னா மயங்கிடுவான்னு ஒரு டம்ளர் பால் குடுத்தேன். சக்கரை கம்மியாதான் சார் போட்டேன்!"

பிரசாதம்

அதன்பின் யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. அடி அண்ணாமலையிலிருந்து தனலட்சுமி தன் சின்ன மகள் கௌரியோடு வந்தாள். மூத்தவன் ஏற்கெனவே இன்சுலினில் இருந்தான். இவளுக்கும் வந்துவிடக் கூடாதென்று கோயிலில் வேண்டிக்கொண்டு நேராக வந்திருந்தார்கள். குத்தினேன். மீட்டர் முந்நூற்றுக்கு மேல் காட்டியது.

"தின்னுட்டு வந்து பொய் சொல்றியா? இல்ல, உனக்கும் சுகரா?" என்று கத்திவிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. அதில் அவர்கள் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். தனலட்சுமி சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் வந்து சிறுமியின் கையைத் தொட்டார். பிசுபிசுவென்றிருந்தது. கோயிலில் கொடுத்த சர்க்கரைப் பொங்கல்; விரலில் ஒட்டியிருந்த அந்த இனிப்பு ரத்தத் துளியோடு கலந்துதான் அளவு ஏறியிருந்தது. குத்துமுன் கையைக் கழுவ வைத்திருக்க வேண்டியவன் நான். கழுவிவிட்டுக் குத்தியபோது அளவு சரியாக இருந்தது. கௌரி விக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஒரு வாய்கூட துன்னல சார். நீங்க கூடாதுன்னீங்கன்னு கையிலயே வெச்சிருந்து காக்காவுக்குப் போட்டுட்டேன்."

மறுபடியும்

அடுத்த வருஷப் பரிசோதனைக்கு அவர்கள் வரவில்லை. 'அந்தப் பொண்ணுக்கும் சுகராம்' என்று ஊரில் பேச்சாகிவிட்டதாம். டாக்டர் ஆளனுப்பியும் பயனில்லை. நோய் வந்தாலும் தெரியாமல் போய்விடுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கௌரி ஜாஸ்தியாகத் தண்ணீர் குடிக்கிறாள் என்ற பயம்தான் கடைசியில் தனலட்சுமியைக் கூட்டி வந்தது. சிறுமியின் கையை நானே சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தேன். அளவு சரியாக இருந்தது. "நார்மல்மா" என்றேன், குனிந்தபடி. தனலட்சுமி வரிசையை ஒருமுறை பார்த்தாள்.

"அன்னிக்கு ஊருக்கே கேக்குற மாதிரி கத்தினீங்களே, இத மட்டும் ஏன் சார் மெதுவா சொல்றீங்க?"

மீட்டர் தப்பாகக் காட்டியதை அழிக்க ஒரு பட்டன் இருக்கிறது, நண்பர்களே. நம் வாய்க்குத்தான் இன்னும் யாரும் பொருத்தவில்லை.