கெழக்கேதான்

எங்கள் ஓவர்சியருக்கு இடது வலது என்பதே கிடையாது, எல்லாம் திசைதான். மதியச் சாப்பாட்டில் மோர்ச் செம்பைக்கூட "கொஞ்சம் தெக்கே தள்ளுய்யா" என்பார். கையை நீட்டிக் காட்டுவது கூலிக்காரன் செய்கிற காரியம் என்று எண்ணம். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெற்றிலையைக் குதப்பியபடி திசையை மட்டும் உதிர்ப்பார். முப்பது வருஷம் பெங்களூர்த் தண்ணீரைக் குடித்த மனிதருக்குக் கன்னடத்தில் நாலு வார்த்தை வராது. "கன்னடம் ஒரு பாஷையாய்யா? தமிழைத் தப்பாப் பேசினா அதான் கன்னடம்" என்பார். அதற்குச் சிரிக்க ஆபீசில் ஒரு கூட்டமும் இருந்தது. ஒரு வார்த்தையும் தெரியாத பாஷைக்கு இலக்கணம் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரெல்லாம் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தொம்மலூர் போகும் வழியில் ஒரு கிடங்கில் நாங்கள் கொஞ்சம் பெரிதாகவே தோண்டினோம். தரைக்கடியில் பக்கம் பக்கமாக இரண்டு சுரங்கங்கள். ஒன்றின் வாய் அடைபட்டால் உள்ளே இருப்பவர்கள் மற்றதன் வழியாகத் தப்பிக்க, நடுவில் ஒரு குறுக்கு வழி. அதை இரண்டு பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து நடுவே சந்திக்க வேண்டும். கிழக்குச் சுரங்கத்தில் தமிழ் ஆட்கள். மேற்குச் சுரங்கத்தில் மாகடிப் பக்கத்துக் கன்னட ஆட்கள். அவர்களுடைய மேஸ்திரி பெண்டாட்டி, தம்பிமார் என்று குடும்பத்தையே கூட்டி வந்திருந்தான். அந்த வருஷம் அவன் ஊரில் மழை இல்லை. இந்த வேலை இருந்தால்தான் அடுப்பு எரியும். தப்பு யாருடையதோ அவன் அன்றைக்கே வெளியே போகவேண்டியதுதான் என்று எஞ்சினியர் துரை முதல் நாளே எச்சரித்திருந்தார்.

நான் டிரேசர். வரைபடத்தை நகல் எடுப்பதும், வெட்ட வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் குறி போடுவதும் என் வேலை. அது இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கு ஓவர்சியர்தான் எழுதிக்கொடுக்க வேண்டும்.

மேற்குச் சுரங்கத்தில் குறி போட்டதும் ஓவர்சியர் உத்தரவிட்டார்.

"கெழக்கே வெட்டு."

மேஸ்திரி தயங்கினான். "கெளக்கா, சாமி?"

"கெழக்கேதான்யா! செவிடா நீ?"

கன்னடத்தில் கெளக்கே என்றால் கீழே. இவர் கிழக்கே என்றார், அவன் கீழேயா என்று கேட்டான், இவர் ஆமாம் என்று அதட்டினார். பெங்களூரிலேயே பிறந்த என் காதில் இரண்டும் விழுந்தன. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துரைக்கு முன்னால் இந்த மனிதர் திருதிருவென்று விழிப்பதைப் பார்க்க எனக்கு அத்தனை ஆசை.

மேஸ்திரி படிப்படியாகக் கீழே சரித்து, நேர்த்தியாக வெட்டிக்கொண்டு போனான். ஓவர்சியர் உள்ளே இறங்கி எட்டிப் பார்க்கவில்லை. சலவை வேட்டி அழுக்காகிவிடுமே! ஐந்தாம் நாள், எதிர்ப்பக்கத் தமிழ் ஆள் ஒருவனின் கடப்பாரை தரையைப் பொத்துக்கொண்டு போயிற்று. அடியிலிருந்து விளக்கு வெளிச்சம் வந்தது. இவர்கள் காலுக்கடியில் அவர்கள் வழி போய்க்கொண்டிருந்தது.

துரை டார்ச்சோடு வந்து பார்த்தார். ஓவர்சியர் பதறவே இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். மேஸ்திரி குடித்துவிட்டு வெட்டியிருக்கிறான், நான் கிழக்கே என்றுதான் சொன்னேன், வேண்டுமானால் இந்த டிரேசரைக் கேளுங்கள் என்று இங்கிலீஷில் சொல்லி என் பக்கம் முகவாயை அசைத்தார். ஐந்து நாளாக ஒத்திகை பார்த்த பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஓவர்சியர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"கிழக்கே என்றுதான் சொன்னார்" என்றேன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, அவ்வளவு சாமர்த்தியம். அவர் வெறும் மடையர். நான் அயோக்கியன்.

அன்று சாயங்காலமே மேஸ்திரியின் ஆட்கள் கூடைகளை அடுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். கேட்டருகே என்னைக் கண்டதும் அவன் நின்றான். முகத்தில் கோபம்கூட இல்லை.

"நீவு அல்லே இத்ரல்லா, சாமி?"

நீங்கள் அங்கேயேதானே இருந்தீர்கள் என்று கேட்டான். அவன் பெண்டாட்டியும் தலையில் கூடையோடு என் பதிலுக்காக நின்றாள். இத்தனை நாளும் அவர்கள் இருவரோடும் கன்னடத்திலேயே பேசிக்கொண்டிருந்தவன் நான்.

"கன்னடம் தெரியாதுப்பா" என்றேன்.