முதலில் அணைந்த மெழுகுவர்த்தி

அட்ராக்டா எந்தச் சுடரையும் வாயால் ஊதி அணைக்கமாட்டாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நாக்கில் ஒற்றி எடுத்து, திரியின் நுனியைப் பிடித்து ஒரே கிள்ளு. 'ஸ்ஸ்' என்று சின்னதாக ஒரு சத்தம். பிறகு இரண்டு விரல்களையும் திருப்பி, கரி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை இறக்குவாள். பிறந்தநாள் கேக் என்றாலும் அதே கிள்ளுதான். "ஊதித் தொலையேன், கையைச் சுட்டுக்கறியே" என்று யாராவது சொன்னால், "எங்க வீட்டுப் பழக்கம்" என்பாள். பொய்யில்லை. அவள் அம்மா அப்படித்தான் அணைப்பாள்.

மேயோ மாவட்டத்தின் மேற்குக் கரையில், காற்று ஓயவே ஓயாத அந்த ஊரில், பள்ளிக்கூட வேன் ஓட்டுவது அவள் வேலை. பள்ளி விட்ட பிறகு, வீட்டில் ஆள் இல்லாத பொடிசுகளைக் கொஞ்ச நேரம் கட்டி மேய்ப்பதும் அவளே. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பதைத் தாண்டியும் கடலில் கால் நனைத்ததில்லை. கடல் தெரியாத சாலை அங்கே கிடையாது என்பதால் அதைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவாள், அவ்வளவுதான்.

அந்த வருடம் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள், ஜனவரி ஆறாம் தேதியாக அமைந்துவிட்டது. பெண்களின் கிறிஸ்துமஸ். நெவின் டீச்சர் காலையிலேயே வேனுக்கு வந்துவிட்டாள்.

"இன்னிக்கு என்ன நாள்னு பிள்ளைங்களுக்கு நீங்களே சொல்லிடுங்களேன், அட்ராக்டா. நான் சொன்னா பாடம் மாதிரி இருக்கும்."

"நான் சொன்னா வேன்ல போற மாதிரி இருக்கும். குலுக்கும், பரவாயில்லையா?"

மாலையில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துச் சொன்னாள். இன்று வீட்டில் பெண்கள் துரும்பைக்கூட நகர்த்தக்கூடாது. ஆண்கள்தான் சமைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய், திராட்சைக் கேக்கும் தேநீருமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். கிறிஸ்துமஸுக்குக் கட்டிய தழைகளை இன்றோடு இறக்கிவிட வேண்டும்.

"எங்கப்பா சமைச்சா நாய்கூடத் தொடாது," என்றான் ஓரன்.

"நாய் உங்கப்பாவை விட விவரம்டா," என்றாள் அட்ராக்டா. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

அத்தோடு முடித்திருப்பாள். ஆனால் டீச்சர் ஒரு தட்டு நிறைய மணலும் அதில் நட்ட பன்னிரண்டு மெல்லிய மெழுகுவர்த்திகளுமாக உள்ளே வந்தாள். "முக்கியமானதை மறந்துட்டீங்களே! ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தர் பேர் வைக்கணும், இல்லையா? எவ்வளவு அழகு!"

அட்ராக்டா மறக்கவில்லை. விட்டுவிட்டாள். டீச்சருக்கு அந்த வழக்கத்தின் முதல் பாதிதான் தெரியும்.

பிள்ளைகள் முண்டியடித்துப் பேர் வைத்தார்கள். பாட்டி, அப்பா, தம்பிப் பாப்பா. கதவோரமாக இருந்ததைத் தொட்டு, "இது எங்கம்மா," என்றாள் கிளோனா. அவள் அம்மா நவம்பரிலிருந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ஊருக்கே தெரியும் என்ன நோய் என்று. கடைசியாக ஒன்று மிஞ்சியது. "அது உங்களுது," என்று அட்ராக்டாவிடம் தள்ளினார்கள். டீச்சர் எல்லாவற்றையும் கொளுத்தினாள்.

"எங்க தாத்தா சொன்னாரு," என்று ஆரம்பித்தான் ஓரன். "யாரோடது முதல்ல அணையுதோ அவங்கதான் முதல்ல சாவாங்களாம்."

"ச்சீ, அதெல்லாம் அந்தக் காலத்துக் கதை," என்று டீச்சர் சிரித்தாள். கிளோனா சிரிக்கவில்லை. கதவிடுக்கில் வந்த காற்றுக்கு அவள் அம்மாவின் சுடர் படுத்துப் படுத்து எழுந்தது. சிறுமி இரண்டு உள்ளங்கைகளையும் அதைச் சுற்றிக் குவித்துக்கொண்டாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தாள்.

அட்ராக்டாவுக்கு ஒன்பது வயதில் இப்படி ஒரு தட்டு. சமையலறை மேஜையில். அப்பா, அம்மா, சபீனா சித்தி, அண்ணன் ஃபெஸ்டி, அவள். மிச்சமெல்லாம் இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போன மாமன்மார்கள். ஃபெஸ்டியின் மெழுகு ஒரு பக்கமாகவே உருகி வழிந்தது. "என்னோடது அழுவுது பாரு," என்று அவளை இடித்தான். பிறகு ஜெபமாலை. எல்லோரும் மேஜைக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, முகத்தை நாற்காலியில் புதைத்துக்கொண்டார்கள். முடித்துத் திரும்பியபோது அவளுடையதுதான் புகைந்துகொண்டிருந்தது. ஃபெஸ்டியுடையது நன்றாக நின்று எரிந்தது. அம்மா கையைத் துணிக்குள் சுருட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அவள் கண்ணாடிப் பாத்திரம். கரைப்பக்கம் போகக்கூடாது, சைக்கிள் தொடக்கூடாது. ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்து அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே தூங்கினாள். ஃபெஸ்டியை யாரும் கவனிக்கவில்லை. மே மாதம், ஊரில் ஒரு படகும் இறங்காத காற்றில், கடலில் போட்டிருந்த இறால் கூடைகளைத் தூக்கி வருகிறேன் என்று படகில் கிளம்பினான். அப்பா தடுத்தார். "போகட்டும் விடுங்க, அவனுக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள் அம்மா.

படகு மட்டும் கவிழ்ந்து வந்தது. சேதி சொல்ல வந்தவர்கள் வாசலில் நின்றபோது அம்மா கடலைப் பார்க்கவில்லை. திரும்பி அட்ராக்டாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவளுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: போயிருக்க வேண்டியவள் நீ. அம்மா செத்துப் பல வருடமாகியும் அது அவள் முதுகில் ஒட்டிக்கொண்டேயிருந்தது.

வகுப்பறையில், கதவோரச் சுடரில் கிளோனாவின் அம்மா மறுபடி படுத்தாள். நீலமாகிச் சுருங்கினாள்.

அட்ராக்டா விரல்களை நாக்கில் ஒற்றினாள். தன் பெயருக்கு விட்டிருந்ததைக் கிள்ளினாள். ஸ்ஸ்.

"பாத்தியா, கிளோனா? முதல்ல போனது என்னோடது. உன் வயசுல ஒரு தடவை வெச்சப்பவும் என்னோடதுதான் முதல்ல போச்சு. அன்னிக்கே நான் செத்திருக்கணும். தினமும் காலைல உன்னை யாரு ஏத்திட்டு வர்றா, பேயா?"

"அப்ப அது பொய்யா?"

"சுத்தப் பொய்."

ஃபெஸ்டியைப் பற்றி அவள் சொல்லவில்லை. மற்றவற்றையும் வரிசையாகக் கிள்ளி முடித்தாள். கிளோனா அதற்குப் பிறகுதான் கையை எடுத்தாள். உள்ளங்கை சிவந்து கிடந்தது. "இன்னும் கொஞ்சம் எரிஞ்சிருக்கலாமே," என்று டீச்சர் முகம் சுளித்தாள்.

ஈஸ்டருக்குக் கிளோனாவின் அம்மா வீடு திரும்பினாள், குச்சி போல. எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்த வாரமே அட்ராக்டா, முதியோர் இல்லத்தில் இருந்த சபீனா சித்தியைப் பார்க்கப் போனாள். வாழ்நாளில் முதல்முறையாக அந்த ராத்திரியைத் தைரியமாகப் பேசினாள்.

"அந்தக் குழந்தைகிட்ட என்னையே சாட்சியா காட்டினேன் சித்தி. என்னோடது அணைஞ்சும் நான் இருக்கேன், போனது ஃபெஸ்டி. வெறும் மெழுகு, வேற என்ன?"

சித்தி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு எனக்கு முட்டிவலி, பெண்ணே. மண்டி போட முடியல. மூலையில உக்காந்திருந்தேன். முதல்ல அணைஞ்சது ஃபெஸ்டியோடது. உங்கம்மா எழுந்து வந்தா. உன்னோடதை எடுத்து அவனோடதைக் கொளுத்தினா. அப்புறம் விரலை நாக்குல ஒத்தி, உன்னோடதைக் கிள்ளினா."