உள்ளே வந்த புள்ளி

இந்த நாட்டில் என்னைக் கோழி என்று கூப்பிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியில் பெண்களைப் பிரியமாக ‘ஹென்’ என்று அழைப்பார்கள் என்பது வந்த புதிதில் எனக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அலாரம் கண்காணிப்பு அறையில் இருக்கும் மோராக், “டீ குடிக்கிறாயா, ஹென்?” என்று கேட்டாள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். நான் முகம் சுருங்கி, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் அவளும் இரண்டு நாள் என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டாள். பிறகு ரொட்டிக் கடைக்காரர், பஸ் டிரைவர் என்று எல்லோருக்கும் நான் கோழியானபோதுதான் விஷயம் விளங்கியது. எங்கள் ஊர் திண்டுக்கல்லில் முன்பின் தெரியாத பெண்ணையும் “ஏத்தா” என்போமே, அதேதான். மறுநாள் நானே போய் மோராக்கிடம் டீ கேட்டு வாங்கிக் குடித்தேன்.

என் வேலை, ரேடாரை அலாரத்தோடு இணைப்பது. வானத்தைப் பார்க்கும் ரேடார் அல்ல, தரையைப் பார்ப்பது. ஊருக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம் ஒன்று. சுற்றிலும் மைல்கணக்கில் புல்லும் புதரும். அங்கே ஒரு கம்பத்தில் அதைப் பொருத்தியிருக்கிறோம். நிலத்தில் எது நகர்ந்தாலும், தொலைவிலுள்ள கண்காணிப்பு அறையின் வரைபடத்தில் ஒரு புள்ளியாக ஊரும். புள்ளி எல்லைக்கோட்டைத் தாண்டினால் அலாரம் அடித்து, கேமரா அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இணைத்த முதல் வாரமே மோராக் தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆடு வந்தாலும் அலாரம், மான் வந்தாலும் அலாரம். ஆகவே நான் ஒரு விதி எழுதினேன். மெதுவாக, நின்று நின்று அலையும் புள்ளி விலங்கு. அதற்குச் சத்தம் வேண்டாம். அது மறைந்து பத்து நிமிடமானால் பதிவு தானாக மூடிக்கொள்ளலாம். அறையில் அமைதி திரும்பியது. மோராக் எனக்காகக் கேக் செய்து கொண்டுவந்தாள்.

அக்டோபரில் ஒரு பிற்பகல், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று முன்பு ஒரு புள்ளி மேற்கிலிருந்து எல்லைக்குள் வந்திருந்தது. நின்று நின்று தண்ணீரை நோக்கிப் போய், கரைக்குக் கொஞ்சம் முன்னால் மறைந்திருந்தது. விலங்கு என்று குறித்து என் விதி அதை மூடிவிட்டிருந்தது. வெளியே போன தடம் எங்கும் இல்லை. மோராக்கிடம் காட்டினேன். “ஆடுதான், ஹென். படுத்திருக்கும்” என்றாள். அவள் சொன்னதிலும் தவறில்லை. இந்த ரேடாருக்கு அசைவுதான் தெரியும். அசையாமல் கிடக்கும் ஆடு அதன் கண்ணில் படாது. மனிதனும் அப்படித்தானே என்று நினைத்தேன்.

அம்மாவின் ஞாபகம் வந்தது. என் அம்மா சவரியம்மாள் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தாள். தாடிக்கொம்பு வழியாகத் திண்டுக்கல் வரும் மில் பஸ்ஸில் காலையில் பெண்களின் பெயரைக் குறிப்பதும், மாலையில் ஏறியதும் அடிப்பதும் அவள் பொறுப்பு. நான் பாலிடெக்னிக் படித்த வருடங்களில், சில நாள் அம்மாவைப் பார்க்கப் போய் அதே பஸ்ஸில் திரும்புவேன். புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டிய பெண்கள் மல்லிகையைக் கிள்ளிப் பங்குபோட்டுக்கொண்டு, மேஸ்திரியின் நடையை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே காய்ந்த சோளத்தட்டை. ஊர் நெருங்க நெருங்கச் சிறுமலை நீலமாக எழும்பி வரும். எத்தனையோ ரயிலும் விமானமும் ஏறிவிட்டேன். அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தபோது இருந்த சந்தோஷம் அப்புறம் வாய்க்கவில்லை. ஒருநாள் பஸ் கிளம்பும் நேரத்தில் முத்துலட்சுமி என்ற பெண்ணைக் காணோம். அண்ணன் சைக்கிளில் கூட்டிப் போயிருப்பான் என்று டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அம்மா படியில் இறங்கி நின்றுகொண்டாள்.

“காலைல வந்தவ திரும்பணும்லண்ணே. திரும்பாம நான் எப்படிப் பேரை அடிக்க? செத்த நேரம் பொறுங்க, பாத்துட்டு வாரேன்.”

பஸ்ஸில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். எனக்கே வெட்கமாக இருந்தது. பஞ்சுப் பொதிகளுக்குப் பின்னால் காய்ச்சலில் மயங்கிக் கிடந்தவளை அம்மாவும் இன்னொருத்தியும் தாங்கிக்கொண்டு வந்தபோது, முணுமுணுத்தவர்களே எழுந்து இடம்விட்டார்கள்.

“உள்ளே வந்திருக்கிறது, மோராக். வெளியே போகவில்லை. ஆளை அனுப்பு” என்றேன். காவலாளி வேறு இடத்தில் இருந்தார்; போய்ச் சேர அரைமணி நேரமாகும். கேமராவில் முட்புதரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆட்டைத் தேடி ஆள் அனுப்பினாள் என்று நாளைக்குச் சிரிப்பார்களே என்று மோராக் தயங்கினாள். என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

புதருக்கு மறுபக்கம் ஒரு முதியவர் விழுந்து கிடந்தார். பெயர் அலாஸ்டர். பக்கத்துப் பண்ணையில் மகளோடு இருப்பவர். கொஞ்ச காலமாக ஞாபகம் தடுமாறுகிறவர். அந்தக் குளிரில் கோட்டு இல்லாமல், வீட்டுச் செருப்போடு நடந்து வந்திருக்கிறார். எங்கே கிளம்பினீர்கள் என்று காவலாளி கேட்டதற்கு, வீட்டுக்கு என்று தண்ணீரைக் காட்டினாராம். அணை கட்டுவதற்கு முன்பு அவர் பிறந்த வீடு அங்கேதான் இருந்ததாம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

நான்கு நாள் கழித்து அவர் மகள் கண்காணிப்பு அறைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்குக் கூசியது. உங்கள் அப்பாவை ஆடு என்று நினைத்து அலாரத்தை அடக்கிய விதி நான் எழுதியதுதான் என்று சொல்லிவிட்டேன். அவள் கையை விடவில்லை. “அப்படியானால் அதை மாற்றிவிடு” என்றாள். மாற்றினேன். உள்ளே வந்த புள்ளி வெளியே போகாவிட்டால், யாராவது ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்லும்வரை இப்போது அலாரம் அடங்காது. மோராக்கிற்கு வேலை கூடிவிட்டது. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அம்மாவிடம் போனில் எல்லாம் சொன்னேன். தான் பஸ்ஸை நிறுத்தியது அவளுக்கு நினைவே இல்லை. “அந்தப் பெரியவரு பேரு என்னத்தா?” என்று மட்டும் கேட்டாள். இரண்டு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் எங்கள் பங்குக் கோயில் மாலைப் பூசையில் அவருடைய உடல்நலத்துக்காக வேண்டப் பெயர் கொடுத்திருந்தாள். அங்கே மாலை, இங்கே நண்பகல். நீர்த்தேக்கத்தின் ஓரம் வேனை நிறுத்தி, சம்பவ அறிக்கையில் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்தேன். நானும் கேட்கட்டும் என்று அம்மா கோயிலிலிருந்து எனக்குப் போன் போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டாள். ஊர்க் குழந்தைகளின் அழுகை, மின்விசிறிச் சத்தம், பெஞ்சு நகரும் ஓசை. பாதிரியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். அலாஸ்டரில் தடுமாறி நின்று, எழுத்துக் கூட்டி வாசித்தார். அதற்கு அடுத்து என் பெயர். அந்தக் கோயிலில் எனக்கு எப்போதும் சவரியம்மா மகள் ஸ்டெல்லா என்றுதான் பெயர். “ஸ்காட்லாந்து ஸ்டெல்லா” என்று வாசித்தார். என் மடியிலிருந்த அறிக்கையைப் பார்த்தேன். சம்பவத்தை முதலில் கவனித்தவர் பெயர், நாடு என்ற இடத்தில், ஸ்டெல்லா, இந்தியா என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். போனில் சனங்கள் எல்லோரும் சேர்ந்து, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள். வேனுக்குள் தனியாக இருந்து நானும் சொன்னேன்.