ஏதாச்சும் வருதுங்களா?

என் மேசையில் மூன்று போன்கள் இருந்தன. கன்ட்ரோல் அறையோடு பேச ஒன்று, பக்கத்து ஸ்டேஷன்களோடு பேச ஒன்று, ரயில்வே கேட்டோடு பேச ஒன்று. முதல் இரண்டும் ஓரளவு மரியாதையாக அடிக்கும். கேட் போன் கறுப்புப் பெட்டி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அந்தப் பக்கம் இருப்பவர் அதைச் சுற்றினால் இந்தப் பக்கம் தொண்டை கட்டின சேவல் மாதிரி கரகரக்கும். அதன் ஒயரில் எத்தனை இடத்தில் டேப் ஒட்டியிருந்தார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். மழை பெய்தால் பேச்சில் பாதி காணாமல் போய்விடும். ஆனால் ஒரு கேள்வி மட்டும் எந்த மழையிலும் எனக்குத் தெளிவாகக் கேட்கும். "மாஸ்டருங்களா? ஏதாச்சும் வருதுங்களா?"

கேட்டவர் கேட்டம்மா. பெயர் இருந்தது, யாரும் சொல்வதில்லை. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு சிறிய ஸ்டேஷனில் நான் கடைசி ஒன்பது வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தேன். ஸ்டேஷனிலிருந்து தெற்கே கூப்பிடு தூரத்தைத் தாண்டி, ஊர்ச்சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் அவருடைய கேட். மகள் ஒருத்தி. புருஷன் கேங்மேன். பாதையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே ரயில் அடித்துப் போனவர். அந்த வேலைக்குப் பதிலாக இந்த வேலையை இவருக்குக் கொடுத்தார்கள். ஒரு அறை, ஒரு பெஞ்சு, பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, போன். எட்டு மணி நேரம் பார்க்க வேண்டிய வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் பார்த்தார். கேட்டால் ஆள் இல்லை என்பார்கள். காலியான இடத்துக்கு ஆள் போடுவதை ரயில்வேயில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள் போலிருந்தது.

எங்கள் வேலை முறை எளிது. ரயில் வரப்போகிறது என்று நான் சொல்வேன். அவர் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, தன்னிடமுள்ள அச்சடித்த தாளில் அடுத்து இருக்கும் எண்ணைச் சொல்வார். அந்த எண்ணை நான் என் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் ரயிலுக்குச் சிக்னல் கைகாட்டி இறங்கும். எண் இல்லையென்றால் ரயில் இல்லை. எத்தனை பெரிய அதிகாரி அந்த ரயிலில் உட்கார்ந்திருந்தாலும் சரி.

நான் போய்ச் சேர்ந்த முதல் வாரம், எண்ணும் கிடையாது ஒன்றும் கிடையாது, சும்மா சும்மா கேட் போன் கரகரத்தது. எடுத்தால் அதே கேள்வி. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு நாள் கத்திவிட்டேன். "ஏம்மா, வர்றதா இருந்தா நானே சொல்ல மாட்டனா? எதுக்கு இப்படிச் சுத்திச் சுத்தி உயிரை எடுக்கற?" "சரிங்க" என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் நாலு நாள் அந்தக் கேள்வி வரவில்லை. எண் மட்டும் வந்தது. குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் என்று லீவு போட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தக் கேட்டுல கக்கூஸ் இருக்குதா?" பிசைந்த சோற்றில் கை அப்படியே நின்றுவிட்டது. "இத்தனை வருஷ சர்வீஸாம், பெரிய மாஸ்டராம்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே போனாள். எனக்கு அப்புறம் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம். ஒரு பெண். கேட்டை விட்டு நகரக் கூடாது என்பது விதி. என்னிடம் போய் என்னவென்று சொல்வாள்?

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று நானே கைப்பிடியைச் சுற்றினேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். "அம்மா, இன்னும் அரை மணிக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணும் வராது. போய்ட்டு வாம்மா." மெல்ல, "சரிங்க மாஸ்டர்" என்றார். எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்று ஒன்பது வருடத்தில் இருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் கேட்பார், ஏதாச்சும் வருதுங்களா. நான் பக்கத்து ஸ்டேஷனைக் கேட்டு, கன்ட்ரோலைக் கேட்டுச் சொல்வேன், ஒண்ணும் வராது, போய்ட்டு வா. விதிப் புத்தகப்படி நான் செய்தது குற்றம். தெரிந்தேதான் செய்தேன்.

அதன் பிறகு எனக்கு வெள்ளாமையின் மேல் கண் விழுந்தது. கேட்டுக்குப் பக்கத்துக் காட்டில் குச்சிக்கிழங்கு, ஜவ்வரிசிக்கு அரைக்கிற மரவள்ளி, நட்டிருந்தால் கேட்டம்மாவுக்கு நல்ல வருடம். குச்சி ஆள் உயரத்துக்கு நின்றால் பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். நிலக்கடலை போட்டால் போச்சு, முழங்கால் உயரம்கூட இல்லை. காட்டுக்காரர் மனைவியிடம் அவர் பேச்சோடு பேச்சாக, "கெழங்குக்கு இப்ப நல்ல வெலைங்களாமா, சேகோ மில்லுக்காரங்க தேடிக்கிட்டு வாராங்களாமா" என்று போட்டுவைப்பாராம். இதை அவரே பின்னால் சொல்லிச் சிரித்தார். மறைவு இல்லாத மாதங்களில் அவர் தண்ணீர் குடிக்க மாட்டார். சேலத்து வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, பன்னிரண்டு மணி நேரம். இரண்டு தடவை நீர்க்கடுப்பு முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டாம் தடவை டாக்டர், இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும், மகளை அனாதையாக்காதே என்று திட்டி அனுப்பினாராம்.

கேட்டுக்கு ஒரு கழிப்பிடம் வேண்டும் என்று வருடம் தவறாமல் எழுதினேன். நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும் என்று வருடம் தவறாமல் பதில் வந்தது. பதிலின் வார்த்தைகூட மாறாது, கீழே கையெழுத்து மட்டும் மாறும்.

அந்த நாள் ஒரு மாசி மாதத்துப் பகல். கேட் போன் அடித்தது. வழக்கமான கேள்வி. கூடவே, "இன்னிக்குக் கொஞ்சம் சாஸ்தி நேரமாகுமுங்க" என்றார். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் இல்லை. போய்ட்டு வாம்மா என்றேன். வைத்து மூன்று நிமிடம் ஆகியிருக்காது, கன்ட்ரோல் போன் அலறியது. நாமக்கல் பக்கம் ஒரு கூட்ஸ் நடுவழியில் நின்றுவிட்டது, அதை இழுக்கச் சேலத்திலிருந்து தனி இன்ஜின் வருகிறது, நிறுத்தாமல் அனுப்பு. நான் கேட் போனைச் சுற்றினேன். சுற்றினேன், சுற்றினேன், கை வலிக்கச் சுற்றினேன். பதில் இல்லை. இன்ஜின் வந்து கைகாட்டியில் நின்று ஊதத் தொடங்கியது.

இதற்கும் ஒரு வழி உண்டு. கேட்டில் பதில் இல்லை, நின்று பார்த்துப் போ என்று டிரைவருக்கு எழுதிக் கொடுக்கலாம். எழுதினால் அந்தத் தாள் மேலே போகும். கேட்டை விட்டுப் போன கேட்கீப்பருக்கு அன்றைக்கே சஸ்பெண்ட், பிறகு வேலையே போகும். அந்த ஒரு சம்பளத்தில்தான் மகள் படித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு வழியும் இருந்தது. ஏதோ ஒரு எண்ணை நானே புத்தகத்தில் எழுதிவிட்டு இன்ஜினை விடலாம். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் என்ன பெரிதாக வந்துவிடப்போகிறது? பேனாவைத் திறந்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. புத்தகத்தின் மேல் பேனா முனை நின்றது. பிறகு மூடி வைத்துவிட்டேன். கன்ட்ரோலர் காய்ச்சி எடுத்தார். நான் மறுபடி கேட் போனைச் சுற்றினேன்.

இருபது நிமிடம் கழித்துக் கேட் போன் கரகரத்தது. அந்தப் பக்கம் மூச்சுதான் முதலில் வந்தது. "மாஸ்டருங்க, முந்தாநேத்துக் குச்சி புடுங்கிட்டாங்கங்க. ஓடை வரைக்கும் போவ வேண்டியதாப் போச்சுங்க..." அழுகிறார் என்று தெரிந்தது. "அதெல்லாம் அப்புறம். கேட்டை மூடும்மா, இன்ஜின் நிக்குது" என்றேன். "மூட முடியலைங்க. போர் போடற ரிக் வண்டி ஒண்ணு தண்டவாளத்து மேலயே ஏறி நிக்குதுங்க. தாண்டட்டுமுங்க" என்றார். அந்தப் பேனாவை மறுபடி ஒரு தடவை பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எண் வந்தது. நாற்பத்தேழு. எழுதும்போது நாலும் ஏழும் கோணல்மாணலாக விழுந்தன.

கன்ட்ரோலர் விடவில்லை. "இருபத்திரண்டு நிமிஷம் லேட். என்ன காரணம் எழுதட்டும்?"

"நான் பாத்ரூம் போயிருந்தேன் சார்."

"இருபத்திரண்டு நிமிஷமா?"

"வயிறு சரியில்லை சார்."

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பொய்க்குக் கொஞ்சம் பலம் வேண்டுமே என்று, ஸ்டேஷன் கழிப்பறையில் மோட்டார் எரிந்து பல மாதம் ஆகிறது, வெளியே போய்த் தண்ணீர் சுமந்து வந்ததில் தாமதமாகிவிட்டது என்று எழுதினேன். மோட்டார் எரிந்தது உண்மைதான். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். பாத்ரூம் மாஸ்டர் என்று ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. அந்தப் பாதை முழுக்க, ஓய்வு பெறும் வரைக்கும் அதுதான் என் பெயர்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு கான்ட்ராக்டர் சிமென்ட் மூட்டையோடு வந்து இறங்கினார். ரயிலே தாமதமாகியிருக்கிறதே, சும்மா விடுவார்களா? வெள்ளை டைல்ஸ், புது மோட்டார், வெஸ்டர்ன் கோப்பை, காற்றாடிகூட வைத்தார்கள். எல்லாம் எனக்கு! கேட்டுக்கு ஒரு செங்கல் கிடையாது. எனக்கு அவமானம் தாங்கவில்லை. எப்படியும் தெரியப்போகிறது என்று நானே போனில் சொன்னேன். கேட்டம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏனுங் மாஸ்டர், எனக்குக் கேட்டது உங்களுக்கு வந்துருச்சுங்களா? போகட்டுமுங்க. உள்ள போறப்பல்லாம் என்னையும் ஒருக்கா நெனச்சுக்கங்க." கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அந்த டைல்ஸ் அறைக்குள் போகும்போதெல்லாம் நான் அவரை நினைத்தேன். ஒரு தடவைகூட நிம்மதியாகப் போனதில்லை.

என் கடைசி வருடத்தில் கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை வெட்டினார்கள். கடைசி நாள் கடைசி எண்ணைச் சொல்லிவிட்டு, "இனிமே யாரும் சுத்தி உங்க உசுரை எடுக்க மாட்டாங்க மாஸ்டர்" என்றார். பழைய கோபத்தை மறக்கவில்லை பாருங்கள்! அவரை வேறு ஊர் ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். போன முதல் நாளே போன் செய்து, இங்கே எல்லா வசதியும் இருக்குதுங்க என்றார். எந்த வசதி என்று நான் கேட்கவில்லை. கேட் போய் மூன்றாம் மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. தற்போது அந்த இடத்தில் கேட் இல்லாததால் கழிப்பிடக் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது.

போன ஐப்பசியில் அவர் அழைத்தார். "புது ஊடு கட்டிருக்கறனுங்க மாஸ்டர். அம்மாவையும் கூட்டிக்கிட்டு வரோணுமுங்க." அம்மா என்றது என் மனைவியை. பழைய கேட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய ஊர். நாங்கள் இப்போது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறோம். முன்பென்றால் காலைப் பாசஞ்சரில் ஏறினால் என் பழைய ஸ்டேஷனிலேயே இறங்கிவிடலாம். கொரோனாவில் நிறுத்திய பாசஞ்சரை அப்புறம் விடவே இல்லை. மற்ற ரயில்களும் அங்கே நிற்பதில்லை. நான் இருந்த அறையைப் பூட்டி, டைல்ஸ் ஒட்டிய அந்தக் கழிப்பறையையும் பூட்டிவிட்டார்கள். ஆகவே பஸ்.

ரயில் எத்தனை மோசமாக இருந்தாலும் அதில் ஒரு கழிப்பறை உண்டு. இந்த வயதில் என் உடம்பு அரை மணிக்கு ஒரு தடவை ஒதுங்க இடம் கேட்கிறது. மல்லூர் தாண்டும்போதே கேட்டுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இறங்குவதற்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது பஸ் நின்றது. முந்தின நாள் மழையில் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர். மேலே, கேட் இருந்த இடத்தில், வேலி போட்டிருந்தார்கள். பஸ் வளைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் போகத் தொடங்கியது. குழிகள் ஒவ்வொன்றும் எனக்கென்றே வெட்டினது போலிருந்தது. "கண்டக்டர்கிட்டச் சொல்லுங்களேன், ரெண்டு நிமிசம் நிறுத்தச் சொல்லி" என்றாள் மனைவி. எனக்கு வாய் வரவில்லை. பஸ் முழுக்கப் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள். "உங்களுக்கு ஒரு தடவை கேக்கறதுக்கே இப்படி இருக்குது. அவ எப்படிக் கேட்டிருப்பா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே குச்சிக்காடு தலைக்கு மேல் வளர்ந்து நின்றது.

புது வீட்டு வாசலில் வாழை மரம், மாவிலை, ஷாமியானா, நாற்காலிகள், ஒரே கூட்டம். கேட்டம்மா புதுச் சேலையில் வந்தார். ஒன்பது வருடத்தில் நான் அவரை நாலைந்து தடவை நேரில் பார்த்திருந்தால் அதிகம். தலை நன்றாக நரைத்திருந்தது. வாங்க என்று கைகூப்ப வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். குரலை மட்டும் கேட்டே என் கோபதாபமெல்லாம் தெரிந்துவைத்திருந்தவர். கூப்பிய கையை இறக்கிவிட்டு, "அம்மா நீங்க உள்ள போயி உக்காருங்க. மாஸ்டர் இப்படி வாங்க" என்று என்னை வீட்டைச் சுற்றிப் பின்னால் அழைத்துப் போனார்.

வீட்டின் பின்சுவருக்கு இன்னும் பூச்சே முடியவில்லை. அதற்குக் கொஞ்சம் தள்ளி, நீலச் சுண்ணாம்பு அடித்து, மேலே தண்ணீர்த் தொட்டி வைத்து, முழுசாகக் கட்டி முடித்த ஒரு கழிப்பறை நின்றது. "ஊட்டுக்குக் கடக்கால் தோண்டறதுக்கு முன்னாடியே கொத்தனாருகிட்டச் சொல்லி இதைக் கட்டிப்போட்டனுங்க" என்றார். கதவைத் தள்ளிக் காட்டினார். உள்ளே வெள்ளை டைல்ஸ். "தாழ்ப்பா மட்டும் இன்னும் மாட்டலைங்க. ஆசாரி நாளைக்குத்தான் வாராராமா."

பத்தடி தூரத்தில் சொந்தக்காரர்கள் பேச்சு கேட்டது. பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைப் பிடித்தபடி தயங்கினேன். கேட்டம்மா இரண்டு எட்டு தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டி, வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் வராதுங்க மாஸ்டர். நா நிக்கறேன். போய்ட்டு வாங்க."