சிலபப் எழுதியிருந்த அட்டை

சுடச்சுட இருக்கிற கிறீமில் வைனை ஊற்றினால் ஒரு மணம் எழும்பும். புளிப்பும் இனிப்புமாய், மூக்குக்குள் கடிக்கிற மணம்... இன்றைக்கும் அது வந்தால் முதலில் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். பிறகுதான் வாய் ஊறும்.

2007. பனி உருகி ரோட்டோரம் கறுப்பாய்க் கிடந்த நேரம். எங்கள் சனம் நெருங்கி இருக்கிற பார்க் எக்ஸில் இருந்து மெட்ரோ, பிறகு பஸ் என்று மாறி, வசதியான ஆக்கள் இருக்கிற டொலார்ட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்குச் சமைக்கப் போய்க்கொண்டிருந்தேன். மார்கரெட் என்று பெயர். நான் 'மிஸிஸ்' என்றுதான் கூப்பிடுவேன்.

வேலைக்குச் சேரும்போது அவருடைய மகள் ஜேன் கேட்டாள், இங்கிலீஷ் வாசிப்பாயா என்று. மிஸிஸின் சமையல் குறிப்பெல்லாம் அட்டைகளில் எழுதியிருக்கிறதாம்.

நான் "யெஸ்" என்றேன்.

பொய். என் படிப்பு நாலாம் வகுப்பு. தமிழ் எழுதுவேன். இங்கிலீஷ் காதால் பிடித்ததுதான், கண்ணுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அந்த வேலையைப் பிடித்துத் தந்த புஷ்பம் அக்காதான் சொல்லித் தந்தா.

"ஓம் எண்டு சொல்லடி. ஆர் உனக்குச் சோதினை வைக்கப் போகினம்?"

என் மகள் வாசுகி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். லொட்ஜுகளுக்குள் பொலிஸ் புகுந்து, தமிழ்ப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன காலம். அவளை ஸ்பொன்சர் பண்ணி இங்கே கூப்பிட, நான் வேலை செய்கிறேன் என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார் லோயர். ஜேனிடம் கேட்டேன். ஈஸ்டர் முடியட்டும், எழுதித் தருகிறேன் என்றாள்.

ஈஸ்டர் அன்று காலை மிஸிஸ் ஒரு பழைய அட்டையைக் கையில் தந்தார். அவருடைய தாயாரின் கையெழுத்தாம். "சிலபப்" என்றார். நான் திருப்பிச் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். ஏன் அந்தப் பெயர் என்று அவர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாதாம், சின்ன வயதில் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்களாம். கிறீம், சீனி, தேசிக்காய், வெள்ளை வைன்... முகில் மாதிரி நிற்கும் வரை அடிக்க வேண்டும். அவ்வளவையும் வாயால் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார்.

ஒரு தரம் காதில் விழுந்தால் நான் மறக்க மாட்டேன். அட்டை எதற்கு என்று நினைத்தேன்.

ஆனால் எங்கள் வீட்டில் பச்சைப் பாலை ஒருவருக்கும் கொடுத்ததில்லை. எண்பது தாண்டிய மனுசிக்குக் கொடுப்பேனா? கிறீமைச் சீனியோடு நன்றாகக் கொதிக்க வைத்தேன். தேசிக்காய்ப் புளியும் வைனும் விட்டேன். மிஷினால் அடித்தேன்... அடித்தேன்... முகில் இல்லை. கஞ்சி மாதிரி ஓடியது.

புஷ்பம் அக்காவுக்குப் போன் அடித்தேன்.

"எடியே, வெள்ளைக்காரிக்குப் பாலைத் திரைய வைச்சே குடுக்கப் போறாய்? துலைஞ்சுது போ உன்ரை வேலை!"

அதோடு விட்டாவா? பக்கத்தில் நின்றவர்களுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தா. அந்தச் சிரிப்புக்காகத்தான் பிறகு அவவின் மகன் கலியாணத்தில் நான் பச்சைத் தண்ணியும் குடிக்காமல் வந்தேன். இன்றைக்கும் அவவுக்குக் காரணம் தெரியாது. தெரிய வேண்டாம்.

வேறு கிறீம் இல்லை. கடையும் பூட்டு. கிளாஸ்களில் ஊற்றி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு, முருகனைக் கூப்பிட்டபடி நின்றேன்.

மத்தியானம் பார்த்தால் அது வட்டிலப்பம் மாதிரி இறுகிப் போய் இருந்தது. வேறு வழியில்லை, கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

ஜேன் கரண்டியால் குத்திப் பார்த்தாள். "இது சிலபப் இல்லையே. அந்த அட்டையைக் கொண்டு வா. என்ன எழுதியிருக்கு எண்டு வாசி பாப்பம்." இங்கிலீஷில்தான் சொன்னாள், ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

கொண்டு வந்தேன். முதல் வரியில் ஒரு சொல்லின் கீழே இரண்டு கோடு. கோடு தெரிந்தது, சொல் தெரியவில்லை. வாசுகியின் லொட்ஜ் படியில் பொலிஸ் சப்பாத்து ஏறுகிற மாதிரி இருந்தது எனக்கு...

"அவளை ஏன் கேக்கிறாய்?" மிஸிஸின் குரல். அவருடைய கிளாஸ் பாதி முடிந்திருந்தது. "இது பொசெட். கிறீமைக் காய்ச்சித்தான் செய்யிறது. எங்களுக்குக் காய்ச்சல் வந்தா உன்ரை அம்மம்மா செய்து தாறவ. நான்தான் கேட்டனான்."

"அம்மா, சிலபப் எண்டெல்லோ நேற்றுச் சொன்னீங்கள்?"

"எனக்கு மனம் மாறக் கூடாதோ?" என்று கரண்டியை நக்கினார்.

நான் பாத்திரம் கழுவும்போது மிஸிஸ் மெல்ல நடந்து குசினிக்கு வந்தார். அட்டையை வைத்து, அந்த இரண்டு கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"கோல்ட்," என்றார். குளிராய் இருக்க வேண்டுமாம் கிறீம். காலையில் அதை மட்டும் வாயால் சொல்லவில்லை.

போகச் சொல்லப் போகிறார் என்று நின்றேன். அவர், இனி அட்டைகளைத் தான் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். அவ்வளவுதான்.

அடுத்த கிழமை ஜேன் கடிதம் தந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தந்தாள். அதையும் நான் மறக்கவில்லை.

வாசுகி வந்து சேர்ந்தாள். இப்போது அதே டொலார்ட்டில்தான் வீடு. ஈஸ்டருக்கு அவளுடைய பிள்ளைகள் கேட்பார்கள், "அம்மம்மா, பொசெட் செய்யுங்கோ" என்று. கிறீமைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுவேன். சிலபப் நான் இன்றுவரை செய்ததே இல்லை. மிஸிஸும் போய்விட்டார்...

இப்போது போனைக் காட்டினால் அதுவே எந்தத் தாளையும் வாசித்துச் சொல்கிறது. பேரப்பிள்ளைகள் இங்கிலீஷ், பிரெஞ்சு எல்லாம் வாசித்துக் காட்டுகிறார்கள். பயம் வேண்டியதில்லை.

ஆனாலும் கிளினிக் கவுண்டரில் ஒரு பிள்ளை சிரித்தபடி "பொன்ஜூர்" சொல்லித் தாளை நீட்டினால், உள்ளங்கை வியர்த்துவிடும். எந்தச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு இருக்கிறது என்றுதான் முதலில் தேடுகிறேன்.